ஏஜியன் வானம் வாயடைத்துப் போன ஆறு நிமிடம்

என் பெயர் பொலிக்ஸேனி சாரி. பெலாகோஸ் விமான நிறுவனத்தில் பதினோரு வருடமாக வலது பக்க இருக்கையில், அதாவது துணை விமானியாக, உட்கார்ந்து இடுப்பு வலி வாங்கியவள். ஏதென்ஸிலிருந்து ரோட்ஸ் வரை பறக்கிற எவனிடமாவது என் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முழிப்பான். 'அன்பார்ந்த பயணிகளே' என்று சொல்லுங்கள், உடனே சிரிப்பான். அந்தப் பட்டப்பெயர் வந்த கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் கை, கால், மூக்கு எல்லாம் வைத்துவிடுவார்கள்.

விமானி அறையில் எங்கள் முழங்கால் பக்கம் ஒரு பட்டன் வரிசை உண்டு. முதல் ரேடியோவுக்கு ஒன்று, இரண்டாவது ரேடியோவுக்கு ஒன்று, பயணிகளோடு பேச ஒன்று, எங்களுக்குள் பேச ஒன்று. எதில் விளக்கு எரிகிறதோ அந்த வழியாகத்தான் நம் குரல் போகும். ஒரு வாய், நான்கு வழி. பேசுவதற்கு முன்னால் குனிந்து விளக்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. நான்கு வருடத்துக்கு முன்பு, கேப்டன் பதவிக்கான என் முதல் தேர்வுப் பயணத்தில், நான் பார்க்கவில்லை.

"அன்பார்ந்த பயணிகளே, நான் உங்கள் கேப்டன். சான்டோரினியில் வெயில் சுகமாக அடிக்கிறது. சற்று நேரத்தில் காபி வரும்" என்று குழைந்து குழைந்து பேசி முடித்தேன். பயணிகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏஜியன் கடலின் மேல் பறந்துகொண்டிருந்த அத்தனை விமானங்களும் கேட்டன. "பெல்ட் போட்டாச்சு, காபி எங்கம்மா?" என்றது ஒரு குரல். "எனக்குச் சர்க்கரை கம்மியா" என்றது ஏதென்ஸ் கட்டுப்பாட்டு அறை. எனக்குப் பின்னால் மடக்கு இருக்கையில் உட்கார்ந்திருந்த பரிசோதகர், கேப்டன் மினாஸ் கரவேலாஸ், தாளில் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டார்.

இரண்டு வருடம் கழித்து இரண்டாவது தேர்வு. அதே மினாஸ். இந்த முறை பட்டன் பயம் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆறாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னது ஏதென்ஸ். அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். அழகாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன், அறுபத்தெட்டு பயணிகளிடம். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர், "சரிம்மா, பாத்து இறங்கு" என்றாராம். மறுபடி குறுக்குக் கோடு.

எங்கள் நிறுவனத்தில் மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் வலது இருக்கையிலேயே தலை நரைக்க வேண்டியதுதான். எனக்கு அந்த இடது இருக்கை, கேப்டனின் இருக்கை, வேண்டும். வேண்டும் என்றால் சும்மா இல்லை, ராத்திரி கனவில் கூட அந்த இருக்கையின் கைப்பிடி வரும்.

மூன்றாவது தேர்வு நவம்பர் பதினொன்றாம் தேதி விழுந்தது. ஏதென்ஸிலிருந்து கியோஸ், நண்பகல் பயணம். புனித மினாஸ் திருநாள், ஆகவே அந்தப் புனிதரின் பெயரை வைத்திருக்கும் எங்கள் மினாஸுக்குப் பெயர்நாள். எங்கள் ஊரில் பிறந்தநாளை மறந்தாலும் மன்னிப்பு உண்டு, பெயர்நாளை மறந்தால் கிடையாது. அன்று அந்தப் பெயர்க்காரன்தான் எல்லோருக்கும் இனிப்பு கொடுக்க வேண்டும். "உனக்கு யோகம்டி, மனுஷன் இன்னிக்கு நல்ல மூட்ல இருப்பான்" என்றார்கள் தோழிகள். அவர் நல்ல மனநிலையில் இருந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பதால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

வந்தார். கையில் இனிப்புக் கடைப் பெட்டி, நீல ரிப்பன் கட்டி. உள்ளே பாகு சொட்டும் பக்லவா.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. எனக்குக் கிடையாது" என்றார் பரிதாபமாக. "சர்க்கரை ஏறிப்போச்சு. இருபத்தெட்டாம் தேதி உரிமத்துக்கு மருத்துவப் பரிசோதனை. அசிமினா எண்ணித்தான் குடுத்திருக்கா. பன்னெண்டு."

அசிமினா அவர் மனைவி. ஏதென்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. அன்று எங்கள் வழித்தடத்தில் குரல் கொடுக்கப் போகிறவளும் அவளே. 'எனக்குச் சர்க்கரை கம்மியா' என்று அன்றைக்குச் சொன்னதும் அவள்தான்.

நான் இடது இருக்கையில். என் வலப்பக்கம் துணை விமானி ஃபோட்டிஸ், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். பின்னால் மடக்கு இருக்கையில் மினாஸ், அவருக்கென்று தனியாக ஒரு பட்டன் வரிசை, பக்கத்துக் கொக்கியில் ஒரு கை மைக். "ஞாபகம் இருக்கட்டும்" என்றார் கதவைச் சாத்தும்போது. "நான் கையெழுத்துப் போடறவரைக்கும் காகிதத்துல இந்த விமானத்துக்குப் பொறுப்பு நான். போட்டப்புறம் நீ. போட்டா."

அந்த 'போட்டா'வில் அவர் வைத்த அழுத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கிளம்பினோம். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள், அன்று அப்பழுக்கில்லாமல் ஓட்டினேன். ஒவ்வொரு முறை பேசுவதற்கு முன்பும் பட்டன் விளக்கை மூன்று முறை தொட்டுப் பார்த்தேன், அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவர்கள் மாதிரி. மேலே ஏறியதும் அசிமினாவின் அலைவரிசைக்கு வந்தோம்.

"பெலாகோஸ் மூணு ஒண்ணு ஆறு, உங்களை ரேடார்ல பாக்கறேன்" என்றாள். "பின்னாடி உக்காந்திருக்கிறவருக்குப் பெயர்நாள் வாழ்த்துக்கள். இன்னும் நூறு வருஷம் இருக்கட்டும்."

உடனே வானத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஆரம்பித்துவிட்டார்கள். நூறு வருஷம் மினாஸ், நூறு வருஷம் கேப்டன் என்று ஆளாளுக்கு. எங்களுக்குப் பின்னால் இன்னொரு விமானத்தில் வந்துகொண்டிருந்த கேப்டன் ஸீஸிஸ், "இனிப்பு எங்கடா?" என்றான். மினாஸ் கொக்கியிலிருந்து கை மைக்கை எடுத்து, தேர்தலில் ஜெயித்தவர் போல நன்றி சொன்னார். பிறகு மைக்கைக் கொக்கியில் மாட்டவில்லை. 'பேசி முடிச்சா மைக் கொக்கிக்குப் போகணும்' என்று புதிதாக வருகிறவர்களைக் கதற வைக்கிற மனிதர், அதை மடியில் போட்டார். அதன்மேல் பெட்டியை வைத்தார். பெட்டியின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். அடியில் மைக்கின் பட்டன் அமுங்கியது.

இதை நான் அப்போது பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

மைக் பட்டன் அமுங்கி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. நீங்கள் பேசுவது மட்டும் எல்லோர் காதிலும் விழும். அவர்கள் கத்துவது உங்கள் காதில் விழாது. உங்களுக்கு மட்டும் உலகம் ரொம்ப அமைதியாக, ரொம்ப மரியாதையாக இருப்பது போலத் தோன்றும்.

இதற்கென்றே இரண்டாவது ரேடியோவை அவசர அலைவரிசையில் வைத்திருப்போம். ஆனால் அந்த நேரம் பார்த்து ஃபோட்டிஸ் அதைக் கியோஸ் அலுவலகத்துக்குத் திருப்பி, ஒரு பயணிக்குச் சக்கர நாற்காலி கேட்டுக்கொண்டிருந்தான். அங்கே பேசிய பெண், அந்தப் பயணி எந்த ஊர், யாருடைய அத்தை, போன கோடையில் இடுப்பு எலும்பு முறிந்ததே அந்த அம்மாவா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். கியோஸ்காரர்களிடம் சட்டென்று ஒரு நாற்காலி வாங்கிவிட முடியாது.

பின்னால் ரிப்பன் அவிழும் சத்தம் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் மினாஸ் முன்னால் சாய்ந்து. "நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்."

"அசிமினா எண்ணியிருக்காங்களே, கேப்டன்?" என்றேன்.

"அவ எண்ணுவா. வீட்டுலயும் அவளுக்கு அதே குரல்தான். மினாஸ், சோபாவுக்கு இறங்கு. மினாஸ், அங்கேயே இரு. மினாஸ், குளிர்சாதனப் பெட்டிய நெருங்காதே. முப்பது வருஷமா அனுமதி கேட்டுக்கிட்டே வாழறேன்மா." இரண்டாவது பக்லவா கடிபட்டது. "கேளு. இந்த ஸீஸிஸ் இருக்கானே, விமானத்தை இறக்கறானா, இல்ல உருளைக்கிழங்கு மூட்டையைப் போடறானான்னே தெரியாது. அவனையெல்லாம் கேப்டனாக்கினது நான். என் தப்பு."

மூன்றாவது. வாசனையே சொன்னது.

"உனக்கு எது பிரச்சினைன்னு சொல்லட்டுமா? ரேடியோ ஒழுக்கம். ரேடியோவுல யார் கேக்கறா, என்ன பேசறோம்னு தெரிஞ்சு பேசணும். நானெல்லாம் முப்பத்தோரு வருஷத்துல ஒரு வார்த்தை தப்பான இடத்துல பேசினதில்ல."

"இன்னிக்கு நான் எப்படி ஓட்டினேன், கேப்டன்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அடிவயிற்றில் நான்கு வருடமாக இருந்த கேள்வி அது, தானாக வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் மென்றார்.

"ஒரு தப்பு இல்ல" என்றார். "உண்மையச் சொன்னா, இந்த வருஷம் நான் பாத்ததுலயே சுத்தமான பயணம். ஆனா இன்னிக்கு உன்னைத் தேர்ச்சி ஆக்கினா நாளைக்கு என்ன சொல்வானுங்க? பெயர்நாளுக்கு மினாஸ் இளகிட்டான், 'அன்பார்ந்த பயணிகளே'வுக்குக் கேப்டன் பட்டம் தானமாக் குடுத்துட்டான்னு சிரிப்பானுங்க. மூணாவது வாய்ப்பை இன்னிக்குக் கழிச்சுக்காம, வானிலை சரியில்ல, அடுத்த வருஷம் பாக்கலாம்னு எழுதிடறேன். உனக்கும் நல்லது."

ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் கிடையாது. கியோஸ் மலை கண்ணாடி போலத் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தால் காது மடல் சூடாகும். அன்று இரண்டும் கொதித்தன.

"வானிலையா?" என்றேன். "கேப்டன், உங்ககிட்ட காரணம் இல்ல, பயம்தான் இருக்கு. யாராவது உங்களைப் பாத்து சிரிச்சிருவாங்கன்னு பயம். என்னைப் பாத்து இந்தக் கடலே சிரிச்சுது. நாலு வருஷமா எந்த விமான நிலையத்துக்குப் போனாலும் காபி கேக்கறாங்க. மறுநாள் காலையில ஆறு மணிக்கு நான் வேலைக்கு வந்தேன். அதுக்கு மறுநாளும் வந்தேன். ஒரு நாள் சிரிப்பை உங்களால தாங்க முடியலைன்னா, பரிசோதகர்னு அந்தச் சட்டையில எதுக்கு எழுதி வெச்சிருக்கீங்க?"

ஃபோட்டிஸ் சக்கர நாற்காலியை மறந்து என்னைப் பார்த்தான். மினாஸ் நான்காவது பக்லவாவை எடுத்தார்.

இறங்க வேண்டிய இடம் நெருங்கியிருந்தது. விளக்கை மூன்று முறை தொட்டுப் பார்த்து, இறங்க அனுமதி கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை.

"ஃபோட்டிஸ், நான் பயணிகள்கிட்ட பேசிட்டேனா?"

"இல்ல. முதல் ரேடியோதான்."

"அப்ப யாருமே ஏன் பேசல? எவ்வளவு நேரமா?"

அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருடத்தில் நண்பகலில் இந்த அலைவரிசை முப்பது வினாடி சேர்ந்தாற்போல் சும்மா இருந்து நான் கேட்டதில்லை. வாழ்த்துச் சொன்ன அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மௌனவிரதம் எடுத்துக்கொள்வார்களா? குனிந்து ரேடியோவைப் பார்த்தேன். அலைவரிசை எண்ணுக்குப் பக்கத்தில், எங்களில் யாராவது மைக்கில் பேசும்போது மட்டும் எரிகிற சின்ன விளக்கு, எரிந்துகொண்டிருந்தது. என் கை பட்டனில் இல்லை. ஃபோட்டிஸின் கை மடியில். திரும்பினேன்.

கொக்கி காலியாக இருந்தது. சுருள் கம்பி இறங்கி, பெட்டிக்கு அடியில் போய் மறைந்தது.

"கேப்டன், பெட்டியத் தூக்குங்க."

அவர் பெட்டியை மார்போடு அணைத்து, இன்னும் அழுத்தினார். "உனக்குத் தந்தது ஒண்ணு. அவ்வளவுதான்."

"தூக்குங்க!"

"கோபத்துல பிடுங்காதேம்மா, பெயர்நாள் இனிப்பு இது."

"இந்த இருக்கையில உக்காந்து விமானத்தை ஓட்டறது நான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கத்தல் இல்லை. "மைக் உங்க பெட்டிக்கு அடியில இருக்கு. நாம பேசினது எல்லாம் வெளிய போய்க்கிட்டிருக்கு. பெட்டியத் தூக்குங்க, கேப்டன். இப்ப."

தூக்கினார். கீழே மைக், பாகு ஒழுகி. சின்ன விளக்கு அணைந்தது. மினாஸின் வாயில் பாதி பக்லவா அப்படியே நின்றது. முகத்தில் இருந்த நிறம் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போனது.

"பெலாகோஸ் மூணு ஒண்ணு ஆறு" என்றாள் அசிமினா. அவ்வளவு அமைதியான குரலை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. "இப்ப உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

"ஆறு நிமிஷமா உங்க மைக் திறந்திருந்தது. மத்த எல்லாரையும் அவசர அலைவரிசையில கூப்பிட்டு வேற எண்ணுக்கு மாத்திட்டேன். யாருக்கும் ஆபத்து இல்ல. ஆறாயிரம் அடிக்கு இறங்கலாம்."

எல்லோரும் ஒழுங்காக மாறியிருந்தார்கள், முதல் ரேடியோவில். இரண்டாவது ரேடியோவை அத்தனை பேரும் எங்கள் அலைவரிசையிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. ஒருவன் தன் பயணிகளுக்குக்கூடப் போட்டுக் காட்டினானாம், அதை நான் நம்பவில்லை.

ஆறாயிரம் அடியைத் திருப்பிச் சொன்னேன், இந்த முறை சொல்ல வேண்டியவளிடம்.

"நான் இதை அறிக்கையா எழுதணும்" என்றாள் அசிமினா. "விமானத்துக்குப் பொறுப்பான கேப்டன் பேர் ஒண்ணு வேணும். யார் அங்க கேப்டன்?"

நான் மினாஸைப் பார்த்தேன். மினாஸ் தன் மடியில் இருந்த தாளைப் பார்த்தார். கையெழுத்து இல்லாவிட்டால் கேப்டன் அவர். முப்பத்தோரு வருடத்துச் சுத்தமான பெயரில் முதல் கறை, அதுவும் பாகுக் கறை. கையெழுத்துப் போட்டால் கேப்டன் நான், அறிக்கை என் பெயரில். அவர் மனம் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது.

"காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் அசிமினா.

அவர் பேனாவை எடுத்தார். ஒட்டிய விரல்களோடு கையெழுத்துப் போட்டார். தாள் கையோடு வந்தது, உதறினார், மறுபடி ஒட்டியது. ஃபோட்டிஸ்தான் பிரித்து என்னிடம் கொடுத்தான்.

செய்யாத தப்புக்கு என் பெயர். தெரிந்துதான் பட்டனை அழுத்தினேன். அந்த இருக்கை வேண்டும் என்றால் அதில் வருகிற வசவும் சேர்த்துத்தான் வேண்டும். "கேப்டன் பொலிக்ஸேனி சாரி" என்றேன். "என் பேர்ல எழுதிக்கோங்க."

"கேப்டன் பொலிக்ஸேனி சாரி" என்று அசிமினா நிதானமாகத் திருப்பிச் சொன்னாள். "நேரம் பன்னெண்டு நாப்பத்தொண்ணு. இங்க பேசறது எல்லாம் பதிவாகுது, யாரும் அழிக்க முடியாது. வாழ்த்துக்கள், கேப்டன். அறிக்கையில மைக் பழுதுன்னு நாலு வரி போதும். இன்னொரு அறிக்கை இருக்கு, அது வீட்டுல. எத்தனை மிச்சம் இருக்கு?"

மினாஸ் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். ஃபோட்டிஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பயணம் முழுக்க அவன் தானாக முன்வந்து ரேடியோவில் சொன்ன ஒரே விஷயம் இதுதான்.

"ஆறு. நாங்க ஆளுக்கு ஒண்ணுதான் எடுத்தோம்."

"புரிஞ்சுது" என்றாள் அசிமினா.

கீழே கியோஸ் ஓடுபாதை கடலோரமாகத் தெரிந்தது. பயணிகளுக்கு அறிவிக்க வேண்டிய நேரம். குனிந்தேன். பயணிகள் பட்டனை அழுத்தினேன், விளக்கு எரிந்தது, தொட்டுப் பார்த்தேன். ஒரு முறைதான்.

"அன்பார்ந்த பயணிகளே, நான் உங்கள் கேப்டன்" என்றேன். கியோஸில் வெயில் என்றேன், கைத்தடிகளை மறக்காதீர்கள் என்றேன், நன்றி என்றேன். பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

முதல் ரேடியோவில் கரகரவென்று ஸீஸிஸின் குரல் வந்தது.

"பெலாகோஸ் மூணு ஒண்ணு ஆறு, இங்க உருளைக்கிழங்கு மூட்டை பேசறேன். நாங்க எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். 'அன்பார்ந்த பயணிகளே' எப்ப வரும்?"

"சொல்லி முடிச்சிட்டேன்" என்றேன்.

"எங்களுக்குக் கேக்கலையே!"

"ஆமாம்" என்றேன். "கேக்காது."